ஜிஸ்ட் கட்டி: முதலில் மாத்திரையா, முதலில் கத்தியா?

வாசகர் கேள்வி, 4 மார்ச் 2023

என் மாமனாருக்கு வயது 61. சில மாதங்களாகச் சோர்வாக இருக்கிறார். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறார். இரைப்பையின் மேற்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தை ஒட்டி, 11 செ.மீ. கட்டி இருப்பது சி.டி.யில் தெரிந்தது. ஜிஸ்ட் ஆக இருக்கலாம் என்கிறார்கள், இரைப்பை அல்லது குடல் சுவரில் வரும் அபூர்வமான ஒரு வகைப் புற்றுநோய்க் கட்டியாம். வேறு எங்கும் பரவவில்லை. ஓர் அறுவை மருத்துவர் அடுத்த வாரமே இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்கிறார். வேறு ஊரில் பார்த்த புற்றுநோய் மருத்துவர் ஆறிலிருந்து ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகே கத்தி வைக்க வேண்டும் என்கிறார். எடுக்கக்கூடிய கட்டியை எடுக்காமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

4 மார்ச், இரவு

நான் அனுபவப்பட்டவள். எனக்கு இதே ஜிஸ்ட், மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருந்தது. முதலில் பார்த்த அறுவை மருத்துவர் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு மலம் வெளியேற வயிற்றில் வழி செய்து நிரந்தரமாக ஸ்டோமா பை வைக்க வேண்டியிருக்கும் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் மாத்திரையில் தொடங்கினார். ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் மாத்திரை சாப்பிட்ட பிறகு கட்டியை மட்டும் எடுத்தார்கள். மலத்தை அடக்கும் சுருக்குத்தசை தப்பியது. நான் இன்று பை இல்லாமல் வகுப்பில் நின்று வேதியியல் நடத்துகிறேன்.

இதைச் சொல்வதால் உங்கள் மாமனாருக்கும் மாத்திரைதான் என்று நான் தீர்ப்பு எழுதுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் இரு மருத்துவர்களும் நோயைப் பற்றி முரண்படவில்லை. இப்போதே எடுத்தால் எவ்வளவு போகும், பிறகு எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கில்தான் முரண்படுகிறார்கள். முழு இரைப்பையையும் இழந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகத்தான் சாப்பிட முடியும், பி12 ஊசியையும் விட முடியாது. ஆகவே அந்தக் கணக்கு சிறிய கணக்கு இல்லை.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது வேறொரு சொல். "ஜிஸ்ட் ஆக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி எடுக்கவில்லையா?

5 மார்ச்

காத்திருப்பது பைத்தியக்காரத்தனம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், ஏனெனில் எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. புற்றுநோய் என்றதும் நாம் அறிந்த வழக்கமான இரைப்பைப் புற்றுநோயையே நினைக்கிறோம். அது உட்சவ்வில் தொடங்குவது. ஜிஸ்ட் குடல் சுவரின் தசை அடுக்கில் பிறப்பது. உணவைத் தள்ளிச் செல்லும் குடல் அசைவுக்குத் தாளம் போட்டுக்கொடுக்கும் காஹால் செல்கள் என்ற வகைக்கு நெருங்கிய உறவுக்காரக் கட்டி அது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கே வருகிறது. ஏறத்தாழ 60 விழுக்காடு இரைப்பையிலும் 30 விழுக்காடு சிறுகுடலிலும் வரும். என்னைப் போல மலக்குடலில் வருவது நூற்றில் நாலைந்து பேருக்குத்தான். அபூர்வத்திலும் அபூர்வம் என்று என் தங்கை பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

1998இல் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செய்சி ஹிரோட்டா குழுவினர் இந்தக் கட்டிகளில் 'கிட்' என்ற மரபணு மாறிக் கிடப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றத்தால் செல்லின் மேலுள்ள ஒரு புரதம் யாரும் அழைக்காமலே "வளர், வளர்" என்று ஓயாமல் கட்டளையிடுகிறது. இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்காக உருவாக்கப்பட்டிருந்த இமாட்டினிப் என்ற மருந்து இந்தப் புரதத்தையும் அடக்கும் என்று தெரிந்ததும், 2000இல் ஹெல்சிங்கியில் கட்டி பரவிய நிலையில் இருந்த ஒரு பெண்மணிக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் சில வாரங்களில் அடங்கத் தொடங்கின. 2002 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஜிஸ்ட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அதற்கு முந்தைய காலத்தில் வழக்கமான கீமோ இந்தக் கட்டியிடம் அநேகமாகத் தோற்றே போயிருந்தது.

ஆகவே ஒன்பது மாதம் மாத்திரை என்பது சும்மா காத்திருப்பது ஆகாது. அந்த மாதங்களில் கட்டிக்குச் சிகிச்சை நடக்கிறது. ஆனால் மாத்திரை கேட்கும் வகைக் கட்டியாக இருந்தால்தான் இந்த வாதம் நிற்கும். அதைப் பற்றி நாளையோ மறுநாளோ எழுதுகிறேன். விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது.

5 மார்ச், பிற்பகல்

தன் பெரியப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோயைக் கதிர்வீச்சு கொடுத்துச் சுருக்கியதாக ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். அது வேறு நோய். அங்கே அறுவைக்கு முன் கதிர்வீச்சும் கீமோவும் நிலைபெற்ற வழக்கம். ஜிஸ்ட்டில் அந்த வழி இல்லை. இரண்டும் ஒரே உறுப்பில் வருகின்றன என்பதால் ஒன்றின் அனுபவத்தை மற்றதற்குப் பொருத்தினால் வீண் குழப்பமே மிஞ்சும்.

7 மார்ச்

பயாப்சி எடுத்தால் பரவிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த அச்சத்தை முழுக்க மூடநம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். ஜிஸ்ட் மெல்லிய உறையும் நிறைய இரத்தக் குழாய்களும் கொண்ட கட்டி. அது வயிற்றறைக்குள் உடைந்துவிட்டால் பிற்காலத்தில் வயிறு முழுவதும் முளைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் உடைவது வேறு, ஊசியால் மாதிரி எடுப்பது வேறு. இரைப்பைக் கட்டியை எண்டோஸ்கோபி முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவியை உள்ளே செலுத்தி, இரைப்பைச் சுவர் வழியாகவே ஊசி விட்டு எடுப்பார்கள். வயிற்றறையைத் தொட வேண்டியதில்லை. பழகிய கையில் ஆபத்து மிகக் குறைவு.

எளிதாக எடுத்துவிடக்கூடிய சிறிய கட்டிக்குப் பயாப்சி இல்லாமலே அறுவைக்குப் போவதும் உண்டு. ஆனால் மாத்திரையில் தொடங்குவதாக இருந்தால் பயாப்சி கட்டாயம், அதோடு மரபணு மாற்றப் பரிசோதனையும் கட்டாயம். இந்த இரண்டாவது பரிசோதனையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கிட் மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் மாற்றம் இருந்தால் நாளைக்கு 400 மி.கி. இமாட்டினிப் நன்றாகக் கேட்கும். பெரும்பாலானோருக்கு இதுதான். எக்ஸான் 9 என்றால் அதே அளவு போதாமல் போகலாம், 800 வரை கூட்டுவார்கள். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ என்ற இன்னொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் வேலை செய்யாது. அந்த மாற்றம் அநேகமாக இரைப்பைக் கட்டிகளில்தான் வருகிறது என்பதால் உங்கள் மாமனாருக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. இளம் வயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இரைப்பையில் வரும், எஸ்.டி.எச். என்ற நொதி குறைந்த வகையும் இமாட்டினிப்புக்கு அவ்வளவாக மசியாது.

முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அந்த வாரங்கள் உங்களுக்குத் தாங்க முடியாதவையாக இருக்கும், தெரியும். ஆனால் ரிப்போர்ட் கையில் இல்லாமல் மாத்திரையைத் தொடங்கினால், கேட்காத கட்டிக்கு அரை ஆண்டைத் தானம் செய்ததாகிவிடும். ரிப்போர்ட்டைப் பற்றி எண்ணாமலே முழு இரைப்பையை எடுத்தால், ஒருவேளை பாதியாவது மிஞ்சியிருக்கக்கூடியதை இழந்ததாகிவிடும்.

8 மார்ச்

"ஆதாரம் இருக்கிறதா, அல்லது உங்கள் ஒருவர் கதைதானா?" என்று கேட்டவருக்கு.

இரு குழுவாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கி, ஒரு குழுவுக்கு உடனே அறுவை, மற்றதற்கு முதலில் மாத்திரை என்று நேருக்கு நேர் நடத்திய பெரிய ஆய்வு இந்த நோயில் இல்லை. நோய் அபூர்வமானது, எந்த ஒரு மையத்துக்கும் போதிய ஆட்கள் சேர மாட்டார்கள். இருப்பவை ஒரு குழுவை மட்டும் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். ஐரோப்பாவின் பத்து மையங்கள் சேர்ந்து 161 பேரைத் தொகுத்து 2013இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 40 வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு அறுவை செய்தவர்கள் அவர்கள். 83 விழுக்காட்டினருக்கு ஓரத்தில் நுண்ணளவும் மிச்சமில்லாமல் கட்டி வெளியே வந்தது. மாத்திரைக் காலத்தில் நோய் வளர்ந்தது இருவருக்கு மட்டுமே. நீங்கள் அஞ்சுவது அந்த இருவரில் ஒருவராகிவிடுவதைத்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது ஜப்பானியரும் கொரியரும் சேர்ந்து செய்த ஆய்வு. 10 செ.மீ.க்குக் குறையாத இரைப்பை ஜிஸ்ட் உள்ள 53 பேருக்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம் 400 மி.கி. கொடுத்தார்கள். 48 பேருக்கு, அதாவது 91 விழுக்காட்டினருக்கு, கட்டி முழுமையாக நீங்கியது. அந்த 48 பேரில் 42 பேருக்கு இரைப்பையில் பாதியாவது காப்பாற்றப்பட்டது. உடனே அறுவை செய்திருந்தால் அதே 53 பேருக்கு என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஆய்வு சொல்லாது. ஆனால் 11 செ.மீ. கட்டியோடு முழு இரைப்பையும் போகும் என்று ஒருவர் சொல்லியிருக்கும்போது, இந்த 42 என்ற எண்ணை நான் கையில் எழுதிக்கொண்டு போய்க் கேட்பேன்.

8 மார்ச், இரவு

மேலே எழுதியதைப் படித்தால் நான் மாத்திரைக் கட்சிக்கு வாக்குச் சேகரிப்பது போலிருக்கிறது. ஆகவே மறுபக்கம்.

இரைப்பையின் நடுவில் வெளிப்புறமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் நாலு செ.மீ. கட்டிக்கு மாத்திரை எதற்கு? சுற்றியுள்ள கொஞ்சம் சுவரோடு வெட்டித் தைத்துவிடலாம். ஜிஸ்ட் பொதுவாக நிணநீர்க் கணுக்களுக்குப் போவதில்லை என்பதால் வழக்கமான இரைப்பைப் புற்றுநோயைப் போல அவற்றையெல்லாம் வாரி எடுக்க வேண்டியதும் இல்லை. சிறுகுடலின் நடுப்பகுதியில் இருந்தாலும் அப்படித்தான். ஒரு சாண் குடல் போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதே கட்டி கணையத்தலையை ஒட்டிய முன்சிறுகுடலில் இருந்தால் நிலைமை அடியோடு மாறிவிடும். அங்கே அளவில் சிறிய கட்டிக்கே கணையத்தின் ஒரு பகுதி, பித்தநாளம் என்று பாதி வீட்டை இடிக்க வேண்டிவரும்.

இன்னொன்று, கட்டி இரத்தம் கசிந்தாலோ குடலை அடைத்தாலோ ஓட்டை விழுந்தாலோ விவாதத்துக்கு இடமில்லை, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உங்கள் மாமனாரின் சோர்வு என்னைக் கவலைப்படுத்துகிறது. மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்று கேளுங்கள். நம் வீட்டு ஆண்கள் இதையெல்லாம் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு?

9 மார்ச்

ஹீமோகுளோபின் 8.9 என்றால் இன்றே இரு மருத்துவர்களுக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள். இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

19 மார்ச்

இரத்தம் ஏற்றி, கசிவு நின்று, எண்டோ அல்ட்ராசவுண்ட் வழியாகப் பயாப்சியும் எடுத்துவிட்டார்கள் என்பது நிம்மதி. மரபணு முடிவுக்குக் காத்திருக்கும் இந்த இடைவெளியில், நான் இதுவரை எழுதாமல் தள்ளிவைத்திருந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் மாத்திரை சாப்பிடுவதற்கு ஒரு விலை உண்டு. யாரும் எனக்கு முன்கூட்டி அதைச் சொல்லவில்லை. ஜிஸ்ட் திரும்பி வருமா என்பதைக் கணிக்கக் கட்டியின் அளவு, இருக்கும் இடம், உடைந்ததா என்பவற்றோடு மைட்டாசிஸ் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். 5 சதுர மி.மீ. பரப்பில் எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணுவது அது. அந்த எண்ணிக்கையின் எடை என்னவென்று பாருங்கள்: 10 செ.மீ.க்கு மேற்பட்ட இரைப்பை ஜிஸ்ட்டில் மைட்டாசிஸ் ஐந்துக்கு மேற்படாமல் இருந்தால் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு, ஐந்தைத் தாண்டினால் 86 விழுக்காடு. அதே உறுப்பு, அதே அளவு. ஒரு கண்ணாடித் தகட்டில் எண்ணியது மட்டும் வேறு.

மாத்திரை சாப்பிட்ட பிறகு இந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. என் அறுவைக்குப் பிறகு வந்த பேத்தாலஜி ரிப்போர்ட்டில் கட்டியின் பெரும்பகுதி செல்லே இல்லாத கூழ்ப்பரப்பாக இருந்ததாகவும் மைட்டாசிஸ் காணப்படவில்லை என்றும் எழுதியிருந்தது. நான் மகிழ்ச்சியில் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். மருத்துவர் இனிப்பை எடுத்துக்கொண்டு, "இந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை அம்மா, இது மருந்து எழுதிய பூஜ்யம்" என்றார். தொடக்கத்தில் ஊசியால் எடுத்த மாதிரியோ முழு 5 சதுர மி.மீ. எண்ணுவதற்கே போதாத சிறு துணுக்கு. ஆகவே என் கட்டி சாதுவா முரடா என்பது இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. முரடு என்று வைத்துக்கொண்டே மூன்றாண்டு மாத்திரை எழுதினார்கள்.

உடனே அறுவை செய்துகொண்டவருக்கு அந்த எண் தெரியும். ஆபத்துக் குறைவு என்று தெரிந்தால் அவர் மாத்திரையே இல்லாமல் வீட்டுக்குப் போகலாம். நான் தேவையில்லாமல் மூன்றாண்டு சாப்பிட்டிருக்கக்கூடும். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்போதெல்லாம் இந்த எண்ணம் வரும். இருந்தும் சுருக்குத்தசைக்கு ஈடாக இதைக் கொடுத்தது சரியான பேரம்தான் என்று நினைக்கிறேன். சில நாள்களில் அப்படி உறுதியாகச் சொல்ல வராது.

20 மார்ச்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லையென்றால் உங்களைத் திசைதிருப்பியதாகிவிடும். பல மருத்துவர்கள் பின்பற்றும் இன்னொரு வகைப்பாட்டில் 10 செ.மீ.க்கு மேற்பட்ட ஜிஸ்ட் எல்லாமே, மைட்டாசிஸ் எவ்வளவானாலும், அதிக ஆபத்து வகைதான். அந்தக் கணக்கில் உங்கள் மாமனாருக்கு எப்படியும் அறுவைக்குப் பின் மூன்றாண்டு மாத்திரை எழுதுவார்கள். அதாவது நான் இழந்த தகவலால் அவர் இழக்கப்போவது என்னைவிடக் குறைவு. நாலைந்து செ.மீ. கட்டி உள்ளவர்களுக்குத்தான் அந்த எண்ணிக்கை தங்கம்.

22 மார்ச்

கோயம்புத்தூர் வாசகருக்கு. உங்கள் அண்ணனின் ரிப்போர்ட்டில் டி842வி என்று இருக்கும்போது, "நண்பர் ஒருவருக்கு நன்றாகக் கேட்டது" என்பதற்காக இமாட்டினிப்பைச் சாப்பிட்டுப் பார்ப்பதில் பொருளில்லை. அந்த மாற்றத்தை அடக்க அவாப்ரிட்டினிப் என்ற மருந்து 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அது அறுவை செய்ய இயலாத அல்லது பரவிய நிலைக்கானது, விலையும் எட்டாதது. எடுக்க முடியும் என்று அறுவை மருத்துவர் சொல்லும் கட்டியாக இருந்தால் உடனே எடுப்பதுதான் அவருக்கு வழி. இந்த வகை பெரும்பாலும் நிதானமாக வளர்வது என்பது ஓர் ஆறுதல்.

இந்த இழையில் நான் எழுதியதன் பெரும்பகுதி உங்கள் அண்ணனுக்குப் பொருந்தாது. தயவுசெய்து அவருக்கு அனுப்ப வேண்டாம்.

1 ஏப்ரல்

மரபணு முடிவு எக்ஸான் 11. நல்ல செய்தி. மாத்திரையில் தொடங்குவது என்று இரு மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்ததும் நல்ல செய்தி, ஏனென்றால் அறுவை மருத்துவர் முதல் நாளிலிருந்தே உடன் இருந்தால்தான் எப்போது வெட்டுவது என்பதைப் பிறகு சரியாகச் சொல்ல முடியும்.

விலை கேட்டீர்கள். தேதியைப் பார்த்ததும் எழுதத் தோன்றுகிறது. சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன், 2013 ஏப்ரல் 1 அன்று, இந்த மருந்தின் காப்புரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கின் வேர் நம் சென்னையில்தான். இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, பிறகு மேல்முறையீட்டு வாரியம், பிறகு தில்லி. பழைய மருந்தின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் குணமாக்கும் திறன் கூடியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 3(டி) பிரிவு. படிகம் நன்றாகப் பாய்கிறது, ஈரத்தைக் குறைவாக இழுக்கிறது என்பவை போதா என்று நீதிமன்றம் கருதியது. படிக வடிவங்களைப் பாடமாக நடத்தும் எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. அக்காலத்தில் நோவார்ட்டிஸின் இமாட்டினிப்பான கிளிவெக் மாதம் 1,20,000 ரூபாய் அளவில் இருக்க, உள்நாட்டு நிறுவனங்களின் அதே மருந்து 8,000 முதல் 10,000 வரை இருந்தது. இன்று அதற்கும் குறைவு. அறுவைக்கு முன் ஒன்பது மாதம், பின் மூன்றாண்டு என்று ஒரு நடுத்தரக் குடும்பம் யோசிக்க முடிவதே இதனால்தான்.

2 ஏப்ரல்

சாப்பிடும் முறை: வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டிக்கொண்டு வரும். அவருக்கு வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது என்பதால் நாளின் எந்த வேளையில் அதிகம் சாப்பிட முடிகிறதோ அந்த வேளையையே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கண்ணிமைகள் வீங்கியிருக்கும். எனக்கு இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. மேல் இமை கண்ணை மூடும் அளவுக்குத் தொங்கும், பத்து மணிக்கு மேல் வடியும். "இரவெல்லாம் அழுதீர்களா மிஸ்?" என்று பிளஸ் டூ மாணவிகள் கேட்டார்கள், அந்தப் பருவத்தில் வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. நோயைக் காட்டி நான் அடைந்த ஒரே ஆதாயம் அது.

கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்க்கச் சொல்வார்கள். நம் சந்தைகளில் அதைவிட அதிகம் கிடைக்கும் பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய உறவு, அதையும் விட்டுவிடுங்கள். நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். கறுத்த மலம், திடீர் வயிற்று வலி, மயக்கம் ஆகியவற்றுக்கு முன்பு சொன்னதே இப்போதும் பொருந்தும், ஏனெனில் மாத்திரைக் காலத்திலும் கட்டி இரத்தம் கசியலாம்.

11 ஜூன்

"இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் கட்டி 11இலிருந்து 11.4 ஆகிவிட்டது, ஏமாந்துவிட்டோம்" என்ற உங்கள் பதிவை இப்போதுதான் பார்த்தேன். அறுவையை நாளைக்கே வைக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன் ரிப்போர்ட்டின் இன்னொரு வரியைப் படியுங்கள். கட்டியின் அடர்த்தி என்று எச்.யு. அலகில் ஓர் எண் இருக்கும். முந்தைய சி.டி.யில் எவ்வளவு, இப்போது எவ்வளவு?

இமாட்டினிப் கேட்கும் ஜிஸ்ட் பல நேரம் முதலில் சுருங்குவதில்லை. உள்ளே செல்கள் செத்துக் கூழாகின்றன, சில சமயம் உள்ளேயே சிறிது இரத்தம் கசிந்து கட்டி உப்பக்கூடச் செய்கிறது. ஆகவே அளவை மட்டும் பார்க்கும் வழக்கமான முறை இங்கே ஏமாற்றும். நீளம் 10 விழுக்காடு குறைந்தாலோ, அடர்த்தி 15 விழுக்காடு குறைந்தாலோ மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளும் சோய் அளவுகோல் இதற்காகவே வந்தது. என் மருத்துவர் இரண்டு சி.டி. படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் கணினியில் வைத்து, கட்டியின் மேல் சுட்டியால் ஒரே அளவில் வட்டம் போட்டுக் காட்டினார். முதல் படத்தில் வட்டத்துக்குள் திட்டுத் திட்டாக வெளுத்து இருந்தது, பக்கத்தில் 71 என்று எண் வந்தது. இரண்டாவது படத்தில் ஒரே சீரான சாம்பல் நிறம், எண் 38. ஓரக்கோடு அநேகமாக நகரவே இல்லை.

12 ஜூன்

அடர்த்தி 64இலிருந்து 41. கழித்துப் பாருங்கள், 15 விழுக்காட்டை எங்கோ தாண்டிவிட்டது. மாமனாரைச் சாப்பிடச் சொல்லுங்கள், மருமகனும் சாப்பிடுங்கள்.

24 செப்டம்பர்

கட்டி 7 செ.மீ. ஆகிவிட்டது, அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், இப்போது அறுவையே வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச் மாதம் அடுத்த வாரமே வெட்ட வேண்டும் என்று நின்ற நீங்கள் இப்போது அவருக்காக வாதாடுவதைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை அடக்குகிறது, துடைத்தெடுப்பதில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் சுருக்கம் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகும் விட்டுவைத்தால் மிஞ்சிய செல்களில் ஏதாவது ஒன்று இரண்டாவது மரபணு மாற்றத்தைப் பெற்று மருந்துக்கு மசியாமல் வளரத் தொடங்கலாம். பரவிய நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு ஏறத்தாழ இரண்டாண்டில் அப்படி நடக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சி.டி.யிலும் அளவு அப்படியே நின்றால் அதுதான் நாள் குறிக்க வேண்டிய வேளை.

இன்னொரு காரணமும் உண்டு. என் அறுவை மருத்துவர் சொன்னது: மருந்து தொடாத பெரிய ஜிஸ்ட்டை எடுப்பது நன்கு பழுத்த தக்காளியைத் தோல் கிழியாமல் புதருக்குள்ளிருந்து எடுப்பது போன்றது. மாத்திரைக்குப் பின் இரத்த ஓட்டம் குறைந்து, கையாளும்போது உடையும் அபாயமும் குறைகிறது. மாதக்கணக்கில் சம்பாதித்த அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

அறுவையால் எதுவும் ஆகாது என்று நான் இனிப்பாகச் சொல்ல மாட்டேன். கட்டி சுருங்கிய பிறகும் என் அறுவைக்கு முதல் நாள் மாலை ஒரு செவிலியர் வந்து, என்னை உட்கார வைத்து, குனிய வைத்து, சேலை கட்டும் இடத்தைக் கேட்டு, மடிப்பு விழாத இடமாகத் தேடி இடப்பக்க அடிவயிற்றில் அழியாத மையால் ஒரு பெருக்கல் குறி போட்டார். வேண்டிவந்தால் ஸ்டோமா அங்கே என்று. அதாவது மாத்திரை வாய்ப்பைத்தான் கூட்டுகிறது, உறுதிச்சீட்டு எழுதித் தருவதில்லை.

17 டிசம்பர்

இரைப்பையின் மேற்பகுதி மட்டும் போய் மீதி நிற்கிறது, ஓரங்கள் சுத்தம் என்று படித்தேன். அறுவைக்கு முதல் நாள் மாத்திரையை நிறுத்தியது வழக்கமானதுதான். வாய் வழியாக ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி, புண் ஆறும் நிலையைப் பார்த்துவிட்டு மீண்டும் தொடங்குவார்கள்.

மூன்றாண்டு எதற்கு என்று அவர் கேட்பதற்கு ஸ்காண்டிநேவியரும் ஜெர்மானியரும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வே விடை. இது சீட்டுக் குலுக்கிச் செய்த ஆய்வு. அதிக ஆபத்துள்ளவர்களில் ஓராண்டு மட்டும் சாப்பிட்டவர்களில் ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 47.9 விழுக்காடு, மூன்றாண்டு சாப்பிட்டவர்களில் 65.6. உயிரோடு இருந்தவர்கள் 81.7க்கு எதிராக 92. அறுவைக்கு முன் சாப்பிட்ட மாதங்களை இந்த மூன்றாண்டில் கழிப்பதா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே வழக்கம் இல்லை. என்னுடையவர் கழிக்கவில்லை. உங்களுடையவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மூன்றாம் ஆண்டுக் கடைசியில் கேட்டால் அன்று பணியில் இருக்கும் இளம் மருத்துவர் கோப்பைப் புரட்டிக்கொண்டு நிற்பார்.

18 டிசம்பர்

மறந்துவிட்டேன். திசுவைப் பதித்துப் பாதுகாக்கும் பயாப்சியின் மெழுகுக் கட்டையும் இப்போது எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டையும் எந்த ஆய்வகத்தில் இருக்கின்றன என்று எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வேறு மருத்துவமனைக்கு மாறினால் முதலில் கேட்பது அதைத்தான். என்னுடையதைத் தேடிக் கொடுக்க ஓர் ஆய்வகம் என்னை வாரக்கணக்கில் அலைய வைத்தது. சி.டி. படங்களைக் குறுவட்டிலும் ஒரு பிரதி வாங்கி வையுங்கள், அச்சிட்ட படத்தில் அடர்த்தியை அளக்க முடியாது.